எத்தனை முறை சரியாக வந்தால் போதும்?

நிரூபணம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். கேள்விகள் சுருக்கப்பட்டுள்ளன.

ஓர் எண்ணோடு அதன் வர்க்கத்தைக் கூட்டி, 41 சேர்த்தால் எப்போதும் பகா எண்ணே வருகிறது. 0 முதல் 30 வரை போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. 'நிறுவுக' என்ற கேள்விக்கு இதை எழுதினால் ஏன் மதிப்பெண் இல்லை?
– பிளஸ் டூ மாணவி, பொள்ளாச்சி

இன்னும் பத்து எண் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. 39 வரை பகா எண்தான். 40-ல் 1681 வருகிறது, அது 41 × 41. 41-ஐப் போட்டால் கணக்குப் போடவே வேண்டாம்: கூட்டும் மூன்றும் 41-ன் மடங்குகள், விடை 41 × 43. 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கவனித்த கோவை இது. இப்படி நீளமாக ஏமாற்றுவதால்தான் இன்றும் பேசப்படுகிறது.

நாற்பதாவது இடத்தில் உடைவது தாராளம். இன்னொன்றைத் தாளில் வரைந்தே பாருங்கள். வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று கோடு போட்டு இணையுங்கள். 1 புள்ளிக்கு 1 துண்டு, 2-க்கு 2, 3-க்கு 4, 4-க்கு 8, 5-க்கு 16. அடுத்தது 32 என்று கை தானாக எழுதும். எண்ணிப் பார்த்தால் 31. (ஆறு புள்ளிகளையும் சம இடைவெளியில் வைத்துவிடாதீர்கள். மூன்று கோடுகள் நடுவில் ஒரே புள்ளியில் சந்தித்து ஒரு துண்டு காணாமல் போகும், 30-தான் கிடைக்கும்.)

மறுமுனையில் போல்யாவின் ஊகம் இருக்கிறது. ஓர் எண்ணைப் பகா எண்களாகப் பிரித்து, எத்தனை காரணிகள் என்று எண்ணுங்கள். திரும்ப வருவதையும் சேர்த்து எண்ண வேண்டும்: 12 என்பது 2 × 2 × 3, ஆகவே மூன்று. 2-லோ அதற்கு மேலோ எந்த எண்ணில் நிறுத்தினாலும், 1 முதல் அதுவரை உள்ள எண்களில் (1-க்குக் காரணி பூஜ்யம், அது இரட்டைப்படைக் கணக்கில் சேரும்) ஒற்றைப்படைக் காரணிகள் கொண்டவை இரட்டைப்படைக் காரணிகள் கொண்டவற்றைவிடக் குறையாது என்று 1919-ல் போல்யா ஊகித்தார். 1958-ல் ஹேசல்குரோவ் இது எங்கோ தவறும் என்று நிறுவினார். முதலில் தவறும் இடம் 90,61,50,257. தொண்ணூறு கோடி முறை சரியாக வந்த ஒன்று அதற்கடுத்து வழுக்கியது.

அதனால்தான் கோல்டுபாக் ஊகத்தை (2-ஐவிடப் பெரிய எந்த இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டல்) இன்னும் யாரும் தேற்றம் என்று அழைப்பதில்லை. 4-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்டால் வரும் எண் வரை கணினியில் சரிபார்த்தாகிவிட்டது. 'எல்லா எண்ணுக்கும்' என்ற கூற்றின் முன்னால் அது தொடக்கம்கூட இல்லை.

இராமானுஜன் நிரூபணம் எழுதாமலேயே சூத்திரங்களைச் சொன்னார், எல்லாம் சரியாக இருந்தன என்கிறார்களே. அப்படியானால் நிரூபணம் மேதைகளுக்குத் தேவையில்லையா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

பெரும்பாலானவை சரி. எல்லாமும் சரியில்லை. 1913-ல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலேயே பகா எண்களின் எண்ணிக்கை பற்றி அவர் சொன்னது பிழை. ஆனால் உங்கள் கேள்விக்கு இன்னும் பொருத்தமான கதை பிரிவினைகளுடையது.

4-ஐ மிகை முழு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதம். இதுதான் 4-ன் பிரிவினை எண். 9-க்கு 30, 14-க்கு 135, 19-க்கு 490. நான்கிலோ ஒன்பதிலோ முடியும் எண்ணுக்குப் பிரிவினை எண் எப்போதும் 5-ன் மடங்கு. மக்மகோன் கையால் கணக்கிட்ட 200 வரையிலான அட்டவணையைப் பார்த்து இராமானுஜன் இதைக் கண்டார், கண்டதோடு நிற்காமல் நிரூபணமும் கொடுத்தார். 'நிரூபிக்காத மேதை' என்ற படம் இங்கே பொருந்தவில்லை.

அதே அட்டவணையிலிருந்து அவர் ஒரு பெரிய ஊகத்தையும் செய்தார். ஓர் எண்ணை 24-ஆல் பெருக்கி 1 கழியுங்கள். வருவது 5, 7, 11 ஆகியவற்றின் எந்த அடுக்கால் வகுபட்டாலும், பிரிவினை எண்ணும் அதே அடுக்கால் வகுபடும் என்றார். 5-க்கு அட்டவணையில் நல்ல சான்று இருந்தது: 24-ன் பிரிவினை எண் 1575, அது 25-ன் மடங்கு, 99-ன் பிரிவினை எண் 125-ன் மடங்கு. 7-க்கும் 49 வரை சரி: 47-ன் பிரிவினை எண் 1,24,754, அது 49 × 2546. ஆனால் 7-ன் மூன்றாம் அடுக்கான 343 முதன்முதலில் எங்கே வருகிறது? 24 × 243 − 1 = 5831 = 343 × 17. அதாவது 243-ல். அட்டவணையோ 200-ல் முடிந்துவிட்டது.

ஹன்ஸ்ராஜ் குப்தா 300 வரை அட்டவணையை நீட்டினார். அதைப் பார்த்து சௌலா 1934-ல் சொன்னார்: 243-ன் பிரிவினை எண் 49-ஆல் வகுபடுகிறது, 343-ஆல் வகுபடவில்லை. பிறகு 1938-ல் வாட்சன் 7-க்கான அடுக்கைத் திருத்தி நிறுவினார். 11-க்கான பகுதியை 1967-ல் அட்கின் முடித்தார். அதில் இராமானுஜன் சொன்னது அப்படியே சரி. இவ்வளவு கூர்ந்த கண்ணுக்கே, தரவு முடிந்த இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதைக் காட்ட நிரூபணம் வேண்டியிருந்தது.

கணிதத் தொகுத்தறிதலில் "க-வுக்கு உண்மை என்று கொள்வோம்" என்றதும் மாணவர்கள், "நிறுவ வேண்டியதையே கொண்டுவிட்டோமே, சார்" என்கிறார்கள். எப்படி விளக்குவது?
– பட்டதாரி ஆசிரியர், தென்காசி

அந்த மாணவர்களைப் பாராட்டுங்கள். கேள்வி கேட்காமல் மனப்பாடம் செய்பவர்களைவிட அவர்களுக்குத்தான் இது விளங்கப்போகிறது.

இந்த முறையில் முதல் படி, கூற்று 1-க்கு உண்மை என்று சரிபார்ப்பது. இரண்டாம் படியில் நாம் நிறுவுவது கூற்றை இல்லை, ஓர் இணைப்பை. 'ஒருவேளை க-வுக்கு உண்மையாக இருந்தால், க+1-க்கும் உண்மை' என்பதே அங்கே நிறுவப்படுகிறது. க-வுக்கு உண்மையா என்று அந்தப் படி எதுவும் சொல்வதில்லை. கரும்பலகையில் இதைக் காட்ட, சரியான எடுத்துக்காட்டைவிடத் தவறான ஒன்று நன்றாக வேலை செய்யும். இதைக் கொடுத்துப் பாருங்கள்:

1 முதல் க வரை கூட்டினால் (க² + க + 2)/2.

இது பொய். உண்மையான சூத்திரம் (க² + க)/2. ஆனால் இரண்டாம் படியைப் போடச் சொல்லுங்கள். க வரையிலான கூட்டலோடு அடுத்த எண்ணாகிய க+1-ஐச் சேர்த்தால் (க² + 3க + 4)/2. பொய்ச் சூத்திரத்தில் க-வுக்குப் பதில் க+1 போட்டாலும் அச்சாக அதுவே வருகிறது. இணைப்பு எந்தத் தடையுமின்றி நிறைவேறியது, கூற்றோ எந்த ஒரு எண்ணுக்கும் உண்மையில்லை. காரணம், முதல் படி: க = 1 என்றால் சூத்திரம் 2 தருகிறது, கூட்டல் 1. "இந்த ஒரு வரியைச் சரிபார்க்க என்ன அவசியம், வெளிப்படைதானே" என்று முதல் படியைத் தாண்டிப் போகும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு: முதல் படி சரி, இணைப்பில் ஓர் இடத்தில் மட்டும் ஓட்டை. 'எந்த மந்தையிலும் எல்லா மாடுகளும் ஒரே நிறம்' என்று நிறுவுவோம். ஒரே மாடு உள்ள மந்தையில் உண்மை. க மாடுகளுக்கு உண்மை என்று கொண்டு, க+1 மாடுகளை எடுங்கள். கடைசி மாட்டை விலக்கினால் மீதி க மாடுகள் ஒரே நிறம். முதல் மாட்டை விலக்கினாலும் மீதி க மாடுகள் ஒரே நிறம். இரண்டு கூட்டத்திலும் பொதுவாக இருக்கும் மாடுகள் வழியாக எல்லாம் ஒரே நிறம். எங்கே பிழை? க = 1 ஆக இருக்கும்போது, அதாவது ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது, இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான மாடே கிடையாது. இணைப்பு எல்லா க-வுக்கும் நிற்க வேண்டும். 2-லிருந்து மேலே முழுக்கச் சரியாக இருந்தும் அந்த முதல் ஓர் இடம் போனால் எல்லாம் போயிற்று.

விடைத்தாளில் மதிப்பெண் போகும் இடம் இன்னொன்று. நிறுவ வேண்டிய சமன்பாட்டை மேலே எழுதி, இருபுறமும் மாற்றிக்கொண்டே வந்து, கடைசியில் 0 = 0 என்று முடிப்பது. அந்த வழியில் 5 = 3 என்பதையும் நிறுவலாம்: இருபுறமும் 0-ஆல் பெருக்கினால் 0 = 0. கொண்டதிலிருந்து தொடங்கி, இடப்புறத்தை மட்டும் எடுத்து, வலப்புறம் வரும்வரை நடத்திச் செல்லச் சொல்லுங்கள்.

√2 விகிதமுறா எண் என்பதற்கான நிரூபணம் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் அது நிஜமாகப் புரிந்ததா என்று எனக்கே சோதித்துக்கொள்ள வழி உண்டா?
– கல்லூரி மாணவர், யாழ்ப்பாணம்

உண்டு. அதே நிரூபணத்தை √4 மீது ஓட்டிப் பாருங்கள். √4 என்பது 2, அதை 2/1 என்று பின்னமாக எழுதலாம், அது விகிதமுறா எண் இல்லை; ஆகவே நிரூபணம் எங்கோ உடைந்தே ஆக வேண்டும். உடையும் வரியைக் காட்ட முடிந்தால் புரிந்துவிட்டது.

√2-க்கு: சுருக்கிய பின்னமாக ப/த என்று கொள்கிறோம். ப² = 2த². ஆகவே ப² இரட்டை, ஆகவே ப இரட்டை. ப = 2ம என்று போட்டால் த² = 2ம², த-வும் இரட்டை. சுருக்கிய பின்னத்தில் மேலும் கீழும் இரட்டையாக இருக்க முடியாது. முரண்பாடு. √4-க்கு: ப² = 4த², ஆகவே ப² 4-ன் மடங்கு. 'ஆகவே ப-வும் 4-ன் மடங்கு' என்று எழுதப் போகும்போதுதான் பேனா நிற்க வேண்டும். 6-ன் வர்க்கம் 36, அது 4-ன் மடங்கு; 6 அப்படியில்லை. 2-க்கு அந்த வரி செல்லுபடியானதற்குக் காரணம் 2 பகா எண் என்பதே.

அடுத்து √8-ஐ எடுங்கள். 4-ன் வர்க்கம் 16, அது 8-ன் மடங்கு, 4 இல்லை. இங்கேயும் அதே வரி உடைகிறது. ஆனால் √8 விகிதமுறா எண்தான். நிரூபணம் விழுந்தாலும் கூற்று பொய்யாகிவிடாது, வேறு வழி தேட வேண்டும் என்று மட்டுமே பொருள். (இங்கே வழி சுலபம்: √8 என்பது 2√2.) இந்த வேறுபாட்டை மேடைப் பேச்சாளர்கள் அடிக்கடி விழுங்கிவிடுகிறார்கள்.

'சுருக்கிய பின்னம்' என்ற சொல்லைத் தவறவிட்டால் கடைசியில் முரண்பாடே வராது என்பதையும் கவனியுங்கள். மேலும் கீழும் இரட்டையாக இருக்கும் பின்னங்கள் ஏராளம்.

கணினி கொடுத்த நிரூபணத்தை மனிதர் படித்துப் பார்க்க முடியாவிட்டால் அதை நிரூபணம் என்று ஏற்கலாமா?
– மென்பொறியாளர், கோயம்புத்தூர்

மனிதர் படித்துப் பார்த்த நிரூபணங்களின் கதையை முதலில் கேளுங்கள். எந்த வரைபடத்துக்கும் அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறம் வராமல் பூச நான்கு நிறம் போதும் என்பது 1852-ல் எழுந்த கேள்வி. 1879-ல் கெம்பே நிரூபணம் வெளியிட்டார். பதினோரு ஆண்டுகள் எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்தனர். 1890-ல் ஹீவுட் ஒரு வரைபடத்தைக் காட்டி, கெம்பேயின் நிறமாற்று வித்தை இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் செய்யும்போது ஒன்றையொன்று குலைத்துவிடும் என்றார். கெம்பேயின் முறையிலிருந்து ஐந்து நிறம் போதும் என்பது மட்டுமே மிஞ்சியது.

1976-ல் ஆப்பெல், ஹாக்கென் இருவரும் பிரச்சினையை 1,800-க்கு மேற்பட்ட வடிவங்களாகக் குறுக்கி, அவற்றைக் கணினியில் மொத்தம் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓட்டிச் சோதித்தனர். பலருக்கு மனம் ஒப்பவில்லை, நியாயம்தான். நிரலில் பிழை இருக்கலாம், கையால் செய்த பகுதியிலும் இருக்கலாம். 1997-ல் வேறு நால்வர் அதை 633 வடிவங்களாகக் குறைத்துத் தனியாகச் செய்தனர். 2005-ல் கோன்தியே மொத்த நிரூபணத்தையும் 'காக்' என்ற சரிபார்ப்பு நிரலில் எழுதினார். இந்த மூன்றாவதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. அந்த நிரலின் உட்கரு சிறியது. ஒவ்வொரு தர்க்க அடியும் விதிப்படி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இலட்சக்கணக்கான வரிகளை நம்புவதற்குப் பதில், மனிதர் உட்கார்ந்து படிக்கக்கூடிய அந்த உட்கருவையும், நிறுவப்பட்ட கூற்று நாம் நினைத்த கூற்றுதானா என்பதையும் சரிபார்த்தால் போதும். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: கூற்றைத் தவறாக எழுதிக் கொடுத்தால் கணினி அந்தத் தவறான கூற்றை மிகச் சுத்தமாக நிறுவித் தரும்.

கெப்ளர் 1611-ல் சொன்ன கோள அடுக்கு ஊகத்துக்கும் இதே நிலை வந்தது. பழக்கடையில் ஆரஞ்சு அடுக்குவது போல அடுக்குவதே இடத்தை அதிகம் நிரப்பும், ஏறக்குறைய 74 சதவீதம் என்பது அந்த ஊகம். 1998-ல் ஹேல்ஸ் தந்த நிரூபணத்தைப் பன்னிரண்டு நடுவர்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்துவிட்டு, 99 சதவீதம் நிச்சயம், அதற்கு மேல் சொல்ல முடியவில்லை என்று கைவிரித்தனர். ஹேல்ஸ் ஒரு குழு சேர்த்து, 2014-ல் கணினிச் சரிபார்ப்பை முடித்தார்.

ஒரு கணிப்பு பொய்த்தால் அறிவியல் கோட்பாடு விழுந்துவிடும் என்று படித்தேன். நடைமுறையில் அப்படியா நடக்கிறது?
– வாசகி, புதுச்சேரி

அப்படி நடந்திருந்தால் நியூட்டன் 1840-களிலேயே வீட்டுக்குப் போயிருப்பார். யுரேனஸ் கோள் கணக்கிட்ட பாதையில் போகவில்லை. பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே ஈர்ப்பு விதியைத் தொடவில்லை. பார்க்காத ஒரு கோள் அதை இழுக்கிறது என்று வைத்து, அது எங்கே இருக்கும் என்று கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது.

புதன் கோளின் பாதையிலும் கணக்கில் அடங்காத சிறு மிச்சம் இருந்தது: நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி (ஒரு டிகிரியில் 3600 வில்விநாடி). அதே லெவெரியே அதே வழியில் சூரியனுக்கு அருகே இன்னொரு கோளைச் சொன்னார். 'வல்கன்' என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. தேடித் தேடியும் கிடைக்கவில்லை. 1915-ல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடு எந்தக் கோளையும் சேர்க்காமல் அந்த 43-ஐத் தந்தது. இங்கே விழுந்தது நியூட்டன் விதி.

ஆகவே கணிப்பு பொய்த்தால் தெரிவது ஒன்றே: கோட்பாடு, கருவி, துணை அனுமானங்கள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தவறு. எது என்று சொல்ல, சந்தேகப்படும் ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை வேண்டும். நெப்டியூன் என்ற விளக்கம் பிழைத்தது, அதைத் தொலைநோக்கியில் தனியாகப் பார்க்க முடிந்ததால்.

கருவி குற்றவாளியான கதை 2011-ல் நடந்தது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி, இத்தாலியின் கிரான் சாசோ சுரங்க ஆய்வகத்துக்கு வந்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோவிநாடி முந்தி வந்ததாக ஓபெரா குழு அறிவித்தது. புள்ளியியல் கணக்கு பலமாகவே இருந்தது. ஆனால் அதே அளவு வேகம் எப்போதும் இருந்தால், 1987-ல் அருகிலுள்ள விண்மீன் கூட்டத்தில் வெடித்த விண்மீனிலிருந்து வந்த நியூட்ரினோக்கள் ஒளிக்கு நான்கு ஆண்டு முன்பே வந்திருக்க வேண்டும். வந்ததோ சில மணி நேரம் முன்பு. அதுவும் ஒளி விண்மீனின் மேற்பரப்புக்கு வந்துசேரத் தாமதமானதால். கடைசியில் ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவரும் ஒளியிழைக் கம்பியின் இணைப்பு சரியாகச் செருகப்படாமல் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. 2012-ல் பக்கத்திலிருந்த இன்னொரு கருவி தனியாக அளந்தபோது ஒளியின் வேகமே வந்தது.

'5 சிக்மா' என்றால் 99.9999 சதவீதம் உண்மை என்று பொருளா?
– இயற்பியல் மாணவர், திருச்சி

இல்லை. சிக்மா என்பது தற்செயலான ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு. '5 சிக்மா' என்றால், புதுத் துகள் எதுவும் இல்லாவிட்டாலும், வெறும் தற்செயலாலேயே இவ்வளவு பெரிய மேடு வரைபடத்தில் தோன்றுவதற்கான வாய்ப்பு 35 இலட்சத்தில் ஒன்று என்று பொருள். 'துகள் இருக்கிறது' என்பதற்கான வாய்ப்பு வேறு கணக்கு. 2012 ஜூலை 4-ல் ஹிக்ஸ் துகள் பற்றிய அறிவிப்பு வந்தபோது அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு கருவிகளும் தனித்தனியே ஏறக்குறைய ஒரே இடத்தில் மேட்டைக் கண்டிருந்தன. என் மதிப்பில் அதுதான் சிக்மாவைவிடப் பெரிய சான்று.

எல்லை இவ்வளவு கடுமையாக இருப்பது, ஆயிரக்கணக்கான இடங்களில் மேடு தேடுவதால். எங்காவது ஒன்று தற்செயலாக முளைக்கும். 2015 டிசம்பரில் 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகளின் நிறையைச் சொல்லும் அலகு) அருகே ஒரு மேடு தெரிந்து ஆய்வுக் கட்டுரைகள் குவிந்தன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் அது கரைந்துவிட்டது. ஓபெரா அளவீடும் 6 சிக்மாதான் என்பதை நினைவில் வையுங்கள். தளர்ந்த இணைப்பைச் சிக்மா கண்டுபிடிக்காது. எத்தனை முறை அளந்தாலும் அதே பிழை அதே பக்கம் சாயும்.

"எனக்குத் தெரிந்த பத்துப் பேருக்கு இந்த மருந்தில் குணமாயிற்று" என்பது ஏன் சான்றாகாது? பத்துப் பேர் பொய் சொல்வார்களா?
– வாசகர், சேலம்

பொய் சொல்லவில்லை. மருந்து எடுக்காதிருந்தால் அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேருக்குக் குணமாகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். சளி ஒரு வாரத்தில் தானே போகும். மூட்டுவலி ஏறி இறங்கும். ஏறிய நாளில்தான் மருந்தைத் தேடுகிறோம், அதன் பிறகு இறங்கத்தான் செய்யும். குணமாகாதவர் யாரிடமும் சொல்லாமல் வேறு வைத்தியரிடம் போய்விடுவார்.

இதற்கு மருந்து, ஒப்பீட்டுக் குழு. 1948-ல் வெளியான பிரிட்டன் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் 107 காசநோயாளிகள். 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். யார் எந்தக் குழு என்பது எழுந்தமான (குலுக்கலில் வருவது போன்ற) எண்களின்படி மூடிய உறைகளில் இருந்தது. 'இவர் தேறுவார் போலிருக்கிறது, மருந்துக் குழுவில் போடுவோம்' என்று மருத்துவரின் கை சாய்வதைத் தடுக்கவே அந்த உறை. எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கும் யார் எந்தக் குழு என்று சொல்லவில்லை. ஆறு மாதத்தில் மருந்துக் குழுவில் 4 பேர் இறந்தனர், மற்றதில் 14 பேர். ஆனால் பல நோயாளிகளின் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டன. ஆண்டுகள் போகப் போக வித்தியாசம் வெகுவாகச் சுருங்கியது. ஆறு மாதச் சான்று ஆறு மாதத்துக்கே சான்று. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை அதன் பிறகு வந்தது.

நம் ஊரில் நடந்த ஆய்வு உலகத்தையே மாற்றியது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலும் மீதிப் பேருக்குச் சானடோரியத்திலும் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசல் அதிகம், சாப்பாடு குறைவு. முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். இந்த அளவு எண்ணிக்கைக்கு 6 சதவீத இடைவெளி தற்செயலாகவே வரக்கூடியது. 'வேறுபாடு தென்படவில்லை' என்பதும் 'வேறுபாடே இல்லை' என்பதும் ஒன்றில்லைதான். ஆனால் அங்கே இருந்த கேள்வி, படுக்கை கிடைக்காத இலட்சக்கணக்கானவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்பது. அதற்கு 86 போதுமான விடை. வீட்டாருக்கு நோய் தொற்றுவதும் கூடவில்லை என்று தெரிந்ததும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது.

எங்கள் பகுதியில் தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் சொன்ன 20 இடத்தில் 15-ல் போர்வெல் தண்ணீர் வந்தது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? அவரும் சோதனைக்குச் சம்மதிக்கிறார்.
– விவசாயி, தருமபுரி

அவர் காட்டாத இடத்தில் போர் போட்டால் எத்தனையில் வந்தது என்று தெரிய வேண்டும். உங்கள் பகுதியில் எங்கே போட்டாலும் பத்துக்கு ஏழில் ஓரளவு தண்ணீர் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கண்ணை மூடி இடம் காட்டுபவருக்கும் 20-க்கு 15 அல்லது அதற்கு மேல் வரும் வாய்ப்பு 42 சதவீதம். அடுத்து, 'தண்ணீர் வந்தது' என்றால் எத்தனை அடியில், எத்தனை அங்குலம், கோடையிலும் நின்றதா? இதை முன்பே முடிவு செய்யாவிட்டால் ஈரமண் வந்ததும் வெற்றிக் கணக்கில் ஏறிவிடும்.

சம்மதித்தால் இப்படிச் செய்யுங்கள். உள்ளே தெரியாத, மூடியுள்ள பத்து பிளாஸ்டிக் டிரம்கள். ஒன்றில் தண்ணீர், ஒன்பதில் அதே எடைக்கு உலர்ந்த மணல். இரண்டடி இடைவெளியில் வரிசையாக, 1 முதல் 10 வரை எண் எழுதிய இடங்களில் வையுங்கள்.

முதலில் தண்ணீர் டிரம் எது என்று அவருக்குச் சொல்லிவிட்டு, தேங்காய் எழுகிறதா என்று பாருங்கள். எழவில்லை என்றாலோ, 'தேங்கிய நீருக்கு எழாது, ஓடும் நீர்தான்' என்றாலோ சோதனையை அங்கேயே நிறுத்தி, அவர் ஒப்புக்கொள்ளும் அமைப்பைக் கேட்டு மாற்றுங்கள். இந்தப் படியைத் தாண்டினால், தோற்ற பிறகு வரும் சாக்குகளில் பாதி எழவே எழாது.

பிறகு பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் 1 முதல் 10 வரை எழுதிய சீட்டுகளிலிருந்து ஒன்றை எடுத்து, அந்த இடத்தில் தண்ணீர் டிரம்மை வையுங்கள். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் முன்பு வந்த எண்களை ஒதுக்கியே அவர் ஊகிக்கலாம். மனத்துக்குத் தோன்றிய எண் உதவாது, நாம் முனை இடங்களைத் தவிர்ப்போம். டிரம்மை வைத்தவர்கள் அவர் வருமுன் பார்வையிலிருந்தே போய்விட வேண்டும். விடை தெரிந்த யாராவது அருகில் நின்றால் அவருடைய மூச்சும் பார்வையுமே காட்டிக்கொடுத்துவிடும், இரு தரப்புக்கும் தெரியாமலேயே. எல்லா டிரம்மையும் ஒவ்வொரு சுற்றிலும் தூக்கி வையுங்கள், இல்லாவிட்டால் மண்ணில் இழுத்த தடம் சொல்லிவிடும். வெளிப்புற ஈரத்தைத் துடையுங்கள். வெயிலில் தண்ணீர் டிரம் குளிர்ச்சியாக இருக்கும், தொடவிடாதீர்கள். பத்துச் சுற்றும் முடியும்வரை எதற்கும் விடை சொல்ல வேண்டாம், நடுவில் நிறுத்தவும் வேண்டாம்.

தற்செயலில் பத்துக்கு ஒன்றுதான் சரியாக வரும். மூன்றோ அதற்கு மேலோ சரியாக வரும் வாய்ப்பு 7 சதவீதம், அது அதிசயமில்லை. இருபது பேரைச் சோதித்தால் யாராவது ஒருவர் மூன்று வாங்கிவிடுவார் என்பது முக்கால்வாசி நிச்சயம் என்றே சொல்லலாம். கணக்குப்படி 77 சதவீதம். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் அறுநூறில் ஒன்று. ஆகவே ஐந்தை எல்லையாகத் தொடங்குமுன் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஐந்து வந்துவிட்டால் டிரம்களைக் காலி செய்து விடாமல், வேறு ஆட்களை வைத்து இன்னொரு நாள் அதே பத்துச் சுற்றை நடத்துங்கள், அப்போதும் வந்தால் எங்களுக்கு எழுதுங்கள். வராவிட்டாலும் அடுத்த போர்வெல்லுக்கு முன் நிலத்தடி மின்தடை அளந்து பாறை வெடிப்பைத் தேடும் நிலவியலாளரைக் கேட்டுப் பாருங்கள். அவரிடமும், அவர் காட்டிய எத்தனை இடத்தில் வரவில்லை என்று கேட்கலாம்.